முதுநிலை மருத்துவ மாணவர்களின் பணிச்சோர்வு

எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., எம்.எஸ். படிக்கும் மருத்துவர்கள் நீண்ட பணிநேரம், தூக்கமின்மை, தேர்வு நெருக்கடி ஆகியவற்றால் உடலும் மனமும் தளர்ந்துபோகும் நிலை இது. 1981இல் வெளியான மாஸ்லாக் அளவுகோல் இதை மூன்று கூறுகளாக அளக்கிறது: உணர்வு வற்றிப்போதல், நோயாளியை வெறும் படுக்கை எண்ணாகப் பார்த்தல், செய்யும் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. பணியிடம் சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. எனவே காரணத்தை மருத்துவரின் மனத்திடத்தில் தேடுவது தவறு.

இம்மாணவர்கள் தாங்கும் பொறுப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு: பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராத நோய் என்றால் பொன்னேரி அரசு மருத்துவமனை. அங்கும் முடியாவிட்டால் சென்னை ராயபுரத்தில் உள்ள ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனை. அத்தகைய மருத்துவமனைகளில் நள்ளிரவில் ஆம்புலன்சிலிருந்து இறக்கப்படுபவரை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் முதுநிலை மாணவரே. கிராமப்புற சுகாதார நிலையங்களில் பணியாற்றிய அரசு மருத்துவர்களும் அவர்களில் உண்டு. மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் 50 விழுக்காட்டைத் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு ஒதுக்குகிறது. பிள்ளைகுட்டிகளோடு வரும் அவர்களும் மற்றவர்களைப் போலவே இரவுப்பணி பார்க்கிறார்கள்.

சுமை கூடுவது 'அட்மிஷன் டே' எனப்படும் நாளில். அன்று காலை வேலைக்கு வரும் முதலாம் ஆண்டு மாணவர் இரவு முழுதும் நோயாளிகளைச் சேர்க்கிறார், ரத்தம் எடுக்கிறார், ஸ்கேன் முடிவுக்கு அலைகிறார், கேஸ் ஷீட் எழுதுகிறார். மறுநாள் ரவுண்ட்ஸில் பேராசிரியர் கேட்கும்போது ஒவ்வொரு படுக்கையின் விவரமும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். பிறகு வார்டு வேலை. அறைக்குத் திரும்பும்போது 30 மணி நேரம் கடந்திருப்பது அரிதன்று. ஆய்வேடு அதற்குப் பிறகுதான்.

விதிகள் இல்லாமல் இல்லை. முதுநிலைப் பயிற்சி மருத்துவரின் தொடர்பணி சாதாரணமாக 12 மணி நேரத்தையும், வாரப்பணி 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 1992இலேயே வழிகாட்டியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறையோ 'நியாயமான பணிநேரம்' என்று மட்டும் சொல்லி, எண் எதையும் குறிப்பிடவில்லை. எண் இல்லாத விதியை எவரும் மீறியதாகக் காட்ட முடியாது. ஆகஸ்ட் 2024இல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இரவுப்பணியில் இருந்த முதுநிலை மாணவி கொல்லப்பட்ட பிறகு, 36 மணி நேரத் தொடர்பணி உச்ச நீதிமன்றத்திலும் கண்டனத்துக்கு உள்ளானது.

அதே ஆண்டு ஆணையத்தின் மனநலப் பணிக்குழு அறிக்கை வெளியானது. குழுவின் ஆய்வில் கலந்துகொண்ட முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் எழுந்ததாகத் தெரிவித்திருந்தனர். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2003 முதல் நாடு முழுதும் வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு உள்ளது. 1984இல் நியூயார்க் மருத்துவமனையில் நீண்டநேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்ததே அங்கு இந்த விவாதத்தைத் தொடங்கிவைத்தது.

யோகா வகுப்பும் மனநல நாள் விழாவும் தூக்கத்துக்கு ஈடாகா. ரத்தம் எடுக்கவும் பதிவேடு எழுதவும் தனி ஊழியர், நேரக் கணக்கைச் சரிபார்க்கும் வெளியார், புகார் சொன்னவரைத் தேர்வில் பழிவாங்காத ஏற்பாடு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. மன நெருக்கடியில் இருக்கும் மருத்துவ மாணவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.