இராவணன் மீது நடந்த வழக்குகள்

1943 பிப்ரவரி 9. சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் ஒரு சொற்போர். ஒரு பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளை. எதிர்ப்பக்கம் 33 வயது சி.என். அண்ணாதுரை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் கிளப்பிய முழக்கம் சரியா, தவறா என்பதே பொருள். அடுத்த மாதம், மார்ச் 14 அன்று, சேலத்தில் இரண்டாம் சுற்று நடந்தது. அண்ணாதுரைக்கு எதிரே இந்த முறை நின்றவர் நாவலர் ச. சோமசுந்தர பாரதியார். இரண்டு பேச்சுகளும் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாக வந்தன.

எரிப்பதா வேண்டாமா என்பது வெளியே தெரிந்த கேள்வி. அதற்கு அடியில் கிடந்தது இன்னொன்று: இலங்கை வேந்தன் நல்லவனா, கெட்டவனா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். சட்டக் கல்லூரி மண்டபத்துக்கு வருமுன்பே அது கோயில், காப்பியம், அச்சகம் என்று பல படிகளை ஏறி வந்துவிட்டது.

ஏழாம் நூற்றாண்டிலேயே அதன் தடம் இருக்கிறது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணனுக்கு உரியது. கயிலை மலையைப் பெயர்க்கப் போனான், சிவபெருமான் கால்விரலால் அழுத்த நசுங்கினான், பாடிப் பணிந்து அருள் பெற்றான். கர்வம், தண்டனை, அருள் மூன்றும் ஒரே பாட்டுக்குள் அடங்கிவிடும். மதுரையில் பாடிய திருநீற்றுப் பதிகத்திலோ இராவணன் நீறு பூசியவனாகவே வருகிறான். இராமனுக்குப் பகைவனான அதே ஆள் சைவருக்கு அடியவன். நாள்தோறும் தேவாரம் ஓதிய ஊர்களில் அவனை வெறும் அரக்கன் என்று ஒதுக்கிவிட முடிந்திருக்காது.

அடுத்து வந்த கம்பர் சிக்கலை இன்னும் இறுக்கினார். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கூந்தலில் ஒரு கை, தொடையில் ஒரு கை. கம்பரில் அவன் விரல்கூட அவள் மேல் படவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் அழிவு என்று பிரமன் இட்ட சாபம் அவன் நினைவுக்கு வந்தது என்று காரணமும் சொல்கிறார் கம்பர்.

இருபதாம் நூற்றாண்டு மேடைகளில் இந்த ஒரு காட்சியை இரு தரப்பும் எடுத்தாண்டன. ‘பாருங்கள், சிறையெடுத்தாலும் தீண்டாத கண்ணியம்’ என்றது ஒரு தரப்பு. ‘கண்ணியமாவது! சாபத்துக்கு அஞ்சியவனுக்குப் பெயர் உத்தமனா?’ என்று கேட்டது மறு தரப்பு. இரண்டுக்கும் இடம் வைத்தே கம்பர் எழுதியிருக்கிறார்.

முதல் நாள் போர் முடிவும் அப்படித்தான். ஆயுதம் இழந்து நிற்கும் பகைவனை இன்று போய் நாளை வரச் சொல்லி அனுப்புகிறான் இராமன். இராமனின் பெருமையைச் சொல்ல அமைந்த இடம் அது. ஆனால் கம்பர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. தோற்றுத் திரும்பும் இராவணன் களத்தில் எதை எதை விட்டுப் போனான் என்று ஒரு பட்டியல் போடுகிறார். திசை யானைகளோடு மோதிய மார்பு, மலையை எடுத்த தோள், நாரதரும் மெச்சும்படி பாடிய நாக்கு, பத்து முடிகள், சிவன் தந்த வாள், கடைசியாக வீரம். இகழ்ச்சியாகத் தொடங்குவது போலத் தோன்றும் பாட்டு, எண்ணிக்கொண்டே போகையில் புகழ்ப்பட்டியலாகிவிடுகிறது. வில்லனுக்கு இவ்வளவு வரவு வைத்த புலவரை வைத்துக்கொண்டு ஒருதலையாக எப்படித் தீர்ப்பெழுதுவது?

விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு திறனாய்வு எழுதினார். இராவணனை அவர் மில்டனின் சாத்தானோடு ஒப்பிட்டுப் பார்த்தார். காப்பியச் சுவை என்ற அளவில் நின்ற வாசிப்பு அது. அதற்கு இணையாக வேறொரு வாசிப்பும் கிளம்பியது. திருநெல்வேலிச் சீமையின் முந்நீர்ப்பள்ளத்தைச் சேர்ந்த எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளை 1928-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பே இராவணனை மாமன்னன் என்று அழைத்தது. தங்கையின் மூக்கை அறுத்தவர்கள் மேல் பழி தீர்க்கப் புறப்பட்ட அண்ணன், கற்றவன், ஆண்ட நாட்டைச் செழிக்க வைத்தவன் என்று அவர் எழுதினார். 1930-இல் பெரியாரின் ‘இராமாயணப் பாத்திரங்கள்’ வந்தது. பெரியாருக்குக் காப்பிய நயம் ஒரு பொருட்டல்ல. பாத்திரங்களை ஒவ்வொருவராக நிறுத்தி, நடத்தையை வைத்து மதிப்பெண் போட்டார். இராமன் தரப்பில் பெரும்பாலோர் தேறவில்லை.

இந்தக் காற்று வீசிக்கொண்டிருந்தபோதுதான் 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். முதல் கம்பன் விழா ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தலைமையில் நடந்தது. ஆண்டுதோறும் பங்குனி அத்தத்தன்று, கம்பர் அடங்கிய இடமாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டையில் விழா நிறைவது வழக்கமாயிற்று. ஒரு பக்கம் கம்பனுக்கு விழா, மறுபக்கம் கம்பனைக் கொளுத்து என்ற குரல். 1943 சொற்போர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தவை.

சேலத்தில் கம்பனுக்காகப் பேசிய சோமசுந்தர பாரதியாரை வெறும் பழமைவாதி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்று நூல் எழுதியவர் அவர். ஊரே தூற்றிய கைகேயிக்கு வக்காலத்து வாங்கி, தசரதனைக் குற்றவாளியாக நிறுத்தியவர். காப்பியப் பாத்திரங்களைக் கூண்டில் ஏற்றுவதில் அவருக்கு மறுப்பில்லை; நூலைத் தீயில் போடுவதில்தான் மறுப்பு.

அண்ணாதுரை சொற்போரோடு விடவில்லை. ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில் இராவணன் வழக்கை மறுவிசாரணைக்கே எடுத்துக்கொண்டார். இரக்கமில்லாத அரக்கன் என்பது குற்றச்சாட்டு. கம்பரே சாட்சி சொல்ல வருகிறார். இராவணன் தனக்கு வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடுகிறான். ‘இரக்கமின்மை குற்றமென்றால் இவர்களுக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள்?’ என்ற போக்கில் புராணங்களிலிருந்து ஆட்களைக் கூப்பிடுகிறான். ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய துரோணர், தாயின் தலையை வெட்டிய பரசுராமர், அரிச்சந்திரனைச் சுடுகாடு வரை துரத்திய விசுவாமித்திரர். குறுக்கு விசாரணை போகப்போக நீதிதேவனுக்கே மயக்கம் வந்துவிடுகிறது. இராவணன் குற்றமற்றவன் என்று நாடகம் நேராகச் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு சட்டம், மற்றவர்க்கு ஒரு சட்டமா என்று கேட்டுவிட்டு நின்றுகொள்கிறது. அரசியல் மேடையில் அண்ணாதுரையின் வாதமுறையும் அதுதான்.

1946-இல் ஈரோட்டுப் பகுதித் தமிழாசிரியர் புலவர் குழந்தை 3,100 பாட்டுகளில் ‘இராவண காவியம்’ எழுதி வெளியிட்டார். கம்பர் ஆறு காண்டம் பாடினார், இவர் ஐந்து. தமிழகக் காண்டத்தில் தொடங்கி, இலங்கை, விந்தம், பழிபுரி என்று போய்ப் போர்க் காண்டத்தில் முடிகிறது. நான்காம் காண்டத்தின் தலைப்பிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. தமிழ் மன்னன் இராவணன், படையெடுத்து வந்தவன் இராமன். இங்கே ஐயத்துக்கு இடமில்லை, இருபக்க வாதமும் இல்லை. 1948-இல் சென்னை மாகாண அரசு நூலுக்குத் தடை போட்டது. 23 ஆண்டு கழித்து, 1971-இல் தி.மு.க. ஆட்சியில் தடை நீங்கியது.

அந்தத் தடை இருந்த காலத்தில் நாடக மேடையும் கொதித்தது. 1954-இல் எம்.ஆர். ராதா தம் ‘இராமாயணம்’ நாடகத்தை நடத்த, எதிர்ப்பும் வழக்கும் கிளம்பின. அந்த ஆண்டே சென்னை மாநிலத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மறுபக்கத்தில் ராஜாஜி, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதி வீடுவீடாக இராமனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1958-இல் அந்நூலுக்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதே 1958-இல் ‘சம்பூர்ண ராமாயணம்’ படம் வெளிவந்தது. பக்திப் படம்தான். ஆனால் டி.கே. பகவதி ஏற்ற இராவணன் வீணையோடு அமர்ந்து, சி.எஸ். ஜெயராமன் குரலில் ராகங்களை வரிசையாக எடுத்து விளக்கும் காட்சிதான் பலருக்கு மனத்தில் தங்கியது.

வழக்கு ஒரு கட்டத்தில் உண்மையான நீதிமன்றத்துக்கே போயிற்று. பெரியாரின் இராமாயண நூலை இந்தியில் ‘சச்சி இராமாயண்’ என்று லலாய் சிங் யாதவ் வெளியிட்டார். உத்தரப் பிரதேச அரசு 1969-இல் அதைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது. 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வும் நூலின் பக்கமே தீர்ப்பளித்தது. இராமன், இராவணன் நடத்தை பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. பறிமுதலுக்கான காரணத்தை அரசு ஒழுங்காக எழுதவில்லை என்பதே முடிவின் அச்சாணி. இதற்கு இரண்டாண்டு முன்பு, 1974 டிசம்பரில், டெல்லி இராமலீலாவுக்குப் பதிலடியாகச் சென்னைப் பெரியார் திடலில் மணியம்மையார் தலைமையில் இராவண லீலா நடந்து முடிந்திருந்தது.

கட்சிப் போர் இப்படி நடக்க, கம்பன் கழக மேடைகளில் சண்டைக்கு வேறு வடிவம் கிடைத்தது. எரிப்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய தேவை கம்பன் அன்பர்களுக்கு இருந்தது. கை கூப்பிப் போற்றினால் மட்டும் போதாது என்று ஆயிற்று. குற்றச்சாட்டைத் தாங்களே மேடையில் வைத்து, தாங்களே மறுக்கவும் ஏற்கவும் பழகினார்கள். பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் அங்கே வளர்ந்தன. நடுவராகக் குன்றக்குடி அடிகளார் அமர்ந்தால் கூட்டம் அலைமோதும். வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா, கும்பகருணன் உயர்ந்தவனா வீடணன் உயர்ந்தவனா, இராவணனை வீழ்த்தியது காமமா செருக்கா என்றெல்லாம் அணி பிரிந்தார்கள். எழுந்து பேசுகிறவர் பாட்டைச் சொல்லாமல் வாதத்தைச் சொல்ல முடியாது. எதிரணி அதே பாட்டின் அடுத்த அடியை எடுத்து மடக்கும். பள்ளிக்கூட வாசல் மிதியாதவர்களும் திண்ணையில் உட்கார்ந்து கம்பனைப் பாட்டுப் பாட்டாகக் கேட்டார்கள்.

இந்த மேடையின் இராவணனைத் தலைப்பிலேயே காட்டியவர் அ.ச. ஞானசம்பந்தன். 1945-இல் வந்த அவரது நூல் ‘இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்’. மாட்சியைக் குறைக்காமல் வீழ்ச்சியைச் சொல்வது என்பது, புலவர் குழந்தையின் வழிக்கும் பக்திக் கதைகளின் வழிக்கும் நடுவே போன மூன்றாவது வழி. உயரம் தெரிந்தால்தான் விழுந்த ஆழம் தெரியும் என்ற கணக்கு அது. பின்னாளில் பல நடுவர்களின் தீர்ப்பும் இந்தப் பக்கமே சாய்ந்தது.

அந்த மேடைக்கு உண்மையான நீதிபதி ஒருவரும் வந்தார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் நாகூர்க்காரர், சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். வாலி வதையை வைத்து ‘மூன்று வினாக்கள்’ என்று நூல் எழுதி, தீர்ப்புரை போலச் சாட்சியம் சாட்சியமாக அலசினார். மதத்தால் முஸ்லிம், கம்பனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்ற பேச்சுக்கு அந்த அவையில் இடமே இருக்கவில்லை.

2010 ஜூன் 18 அன்று மணிரத்னம் ஒரே கதையைத் தமிழில் ‘ராவணன்’ என்றும் இந்தியில் ‘ராவண்’ என்றும் வெளியிட்டார். தமிழில் காட்டுக்குள் பெண்ணைக் கடத்திப்போகும் வீரா விக்ரம். இந்தியில் அவனை வேட்டையாட வரும் காவல் அதிகாரியும் விக்ரம். தமிழ் இராவணனும் இந்தி இராமனும் ஒரே முகத்தோடு ஒரே நாளில் திரையேறினார்கள். தங்கைக்கு நேர்ந்த கொடுமைக்காகக் கிளம்பும் அண்ணன் என்ற இழை, 1928-இல் பூரணலிங்கம் பிள்ளை கையில் எடுத்த அதே இழை.

கடலுக்கு அப்பால், இராவணன் ஆண்டதாகச் சொல்லப்படும் தீவில், கதை வேறு. திருகோணமலைக் கோணேசர் மலையில் பாறை பிளந்த இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். தாய்க்கு ஈமக்கடன் செய்ய அவன் உண்டாக்கியவை என்பார்கள் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை. ஈழத்துச் சைவர்களுக்கு அவன் சிவபக்தன். 1980-இல் யாழ்ப்பாணத்தில் இலங்கை ஜெயராஜ் தொடங்கிய கம்பன் கழகத்திலும் அவன் மீது வழக்காடு மன்றம் நடக்கும். அண்மை ஆண்டுகளில் சிங்களத் தேசியவாதிகள் சிலரும் அவனைத் தங்கள் பழம்பெரும் அரசன் என்று கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். 2019-இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் ஆய்வுச் சிறு செயற்கைக்கோளுக்கு ‘ராவணா-1’ என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், கன்னியா வெந்நீரூற்றுப் பகுதியில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் பௌத்த விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்துத் தமிழர்கள் திரண்டார்கள். அங்கே இப்போது இராவணன் நல்லவனா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஆளா, உங்கள் ஆளா என்றுதான் கேட்கிறார்கள்.