புழுங்கலரிசி செய்த வேலை

"சாப்பாட்டை மாத்தினா நோய் வராதாக்கும்?" என்று நக்கலடித்தவன்தான் நானும். கோலாலம்பூர் கதையைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது மலாயாவில் பெரிபெரி. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்றுபோகும். தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். புழுங்கலரிசி தின்ற நம்ம தமிழ்க் கூலிகளை அது அவ்வளவாகத் தொடவில்லை.

1905 கடைசியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர், அங்கிருந்த மனநலக் காப்பகத்தில் பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல் என்று ஒரு வருஷம் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரியில் 18 பேர் போனார்கள். புழுங்கல் பக்கம் ஒருத்தர்கூட இல்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுசாப் போவதில்லை.

அதுக்காக எல்லா நோய்க்கும் புழுங்கல்தான் மருந்துன்னு கிளம்பிடாதீங்க! மூணு வேளையும் அதையே சாப்பிட்ட எங்கப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. எந்தச் சாப்பாடு, எந்த நோய்க்கு? இனி அப்படித்தான் கேட்பேன். அந்த 18 பேர் உயிரைக் கொடுத்துச் சொல்லிட்டுப் போன பாடம் இது.