பேஸ் கிதார்: ஒலியளவு அமைத்தல்
1951-இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் முதலாக நிலைபெற்ற இவ்வாத்தியத்தின் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளே எழுப்புவதாலும், அத்தகைய மந்தர நாதத்தை மனிதச் செவி எளிதில் கிரகிக்காமையாலும், பிற கிதார்களைக் காட்டிலும் இதற்குச் சக்தி மிகுந்த ஆம்ப்ளிஃபயர் அவசியமாகிறது. வாசிப்போர் பலர் வாத்தியத்தின் ஒலியளவுக் குமிழை முற்றிலும் திறந்துவிட்டு, தந்தியைப் பலமாக மீட்டினாலும் நாதம் சிதறாத எல்லையில் ஆம்ப்ளிஃபயரின் கெயின் என்னும் உள்ளீட்டுக் குமிழை நிறுத்தி, பிறகே மாஸ்டர் குமிழால் அரங்குக்கேற்ற உரப்பை அமைப்பர். வேறு சிலர், தனி வாசிப்பு வரும்போது உயர்த்துவதற்கென்று வாத்தியத்தின் குமிழைச் சற்றே குறைத்து வைப்பர். பாட்டரியில்லாத வாத்தியங்களில் அவ்வாறு குறைக்கையில் ஒலியின் கூர்மையும் சிறிது மங்குவதுண்டு என்பது கவனிக்கத்தக்கது. தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் குழுவில் சசிதரனும், ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸும் இவ்வாத்தியத்துக்குத் தனி ஸ்தானம் தேடித் தந்தவர்கள். பாடகர் குரலை மறைக்காமலும் தாளவாத்தியங்களுள் அமிழ்ந்துவிடாமலும் ஒலிக்கும் அவர்களது வாசிப்பு மிகவும் போற்றத்தக்கது.