அப்பியன் சாலையோரம் ஒரு ரதக் களம்

இருக்கைகளைத் தாங்கிய வளைகூரை இடிந்த இடங்களில், காரைக்குள் பதிந்த மண் ஜாடிகளின் வயிறு வெளியே தெரிகிறது. சரக்கு சுமந்து ஓய்ந்த ஜாடிகள். ரோமானியக் கொத்தர்கள் அவற்றைக் காலியாகவே வைத்துப் பூசினார்கள். கூரையின் பாரமும் குறைந்தது, காரையும் மிச்சமானது. சுமார் 1,700 ஆண்டுகளாக அவை அங்கேயே இருக்கின்றன.

ரோம் நகருக்குத் தெற்கே இந்தக் களத்தைக் கட்டியவர் பேரரசர் மாக்சென்டியஸ். அவர் ஆண்டது 306 முதல் 312 வரைதான். அதற்குள் அரண்மனை, ரதக் களம், 309-இல் சிறு வயதிலேயே இறந்த மகன் ரோமுலஸுக்கு நினைவு மண்டபம் என மூன்றும் அருகருகே எழுந்தன.

இங்கே சுமார் 10,000 பேர் அமரலாம். நகருக்குள் இருந்த சர்க்கஸ் மாக்சிமஸில் லட்சத்துக்கும் மேல் கூடுவார்கள். ஆனால் அந்தப் பெருங்களம் இன்று பெரும்பாலும் புல் முளைத்த பள்ளம்தான். பந்தயம் நடந்த விதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

மேற்கு முனையில் இரண்டு கோபுரங்கள். அவற்றுக்கு நடுவே ரதங்கள் புறப்படும் 12 கொட்டடிகள், வில்போல வளைந்த வரிசையில். எதிலிருந்து கிளம்பினாலும், களத்தின் நடுவே நீளவாக்கில் ஓடும் திண்டின் வலப்பக்கப் பாதையின் வாயை எட்ட ஏறத்தாழ ஒரே தூரம். கொட்டடியைச் சீட்டுப் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓரத்துக் கொட்டடி விழுந்தவனும் நஷ்டப்படக் கூடாது. அந்த நடுத்திண்டையும் சற்றே கோணலாக வைத்திருக்கிறார்கள். ரதங்கள் முண்டியடித்து நுழையும் இடத்தில் பாதை அகலமாக இருக்கிறது, போகப்போக ஒடுங்குகிறது.

நான்கு குதிரை பூட்டிய ரதம் அந்தத் திண்டை இடக்கைப் பக்கம் வைத்து ஏழு சுற்று ஓடும். சாரதி கடிவாள வாரை இடுப்பில் சுற்றியிருப்பான். ரதம் கவிழ்ந்தால் வாரை அறுக்க ஒரு கத்தியும் செருகியிருப்பான். திருப்பத்தில் திண்டை ஒட்டி வளைத்தால் தூரம் மிச்சம். உரசிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

312 அக்டோபர் 28 அன்று போட்டிப் பேரரசர் கான்ஸ்டன்டைனிடம் போரில் தோற்று, மாக்சென்டியஸ் டைபர் ஆற்றில் மூழ்கி இறந்தார். காலப்போக்கில் களத்தின் பெயரே மாறிப்போனது. முந்தைய பேரரசர் கரகல்லா கட்டியது என்று நம்பினார்கள். 1825-இல் அகழாய்வு செய்தபோது ரோமுலஸின் பெயர் பொறித்த கல்வெட்டு கிடைத்து, உண்மை தெரிந்தது.

நடுத்திண்டில் நின்ற எகிப்திய ஊசித்தூண் மட்டும் இப்போது இங்கே இல்லை. உடைந்து கிடந்த துண்டுகளை ஒட்டவைத்து, சிற்பி பெர்னினி வடித்த நீரூற்றின் மேல் நிறுத்தினார்கள். அந்த வேலை 1651-இல் முடிந்தது. நீரூற்று இருப்பது ரோமின் நவோனா சதுக்கத்தில், பேரரசர் டொமிஷியன் கட்டிய பழைய ஓட்ட அரங்கின் மேல். தூணில் பொறித்திருக்கும் பெயரும் டொமிஷியனுடையதே.