முதியோர் உறைவிட மறுவாழ்வில் உடற்பயிற்சி

நோயோ எலும்பு முறிவோ வந்து தளர்ந்த முதியவர்களும், இல்லங்களில் நெடுநாள் தங்கியிருப்பவர்களும் எழுந்து நிற்க, நடக்க, தாமே குளித்து உடுத்திக்கொள்ள மீண்டும் வலுப்பெறும்படி, தங்குமிடத்திலேயே தரப்படும் பயிற்சி இது.

இதன் தொடக்கம் லண்டனை அடுத்த ஐசல்வர்த்தில். 1935இல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பிரிவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, அங்கே கிடந்த 714 பேரின் பொறுப்பு மருத்துவர் மார்ஜரி வாரனிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து ஐந்து வகையாகப் பிரித்தார்: எழுந்து நடமாடக்கூடியவர்கள், படுக்கையில் கிடந்தாலும் சிறுநீர், மலக் கட்டுப்பாடு உள்ளவர்கள், அதை இழந்தவர்கள், மனம் குழம்பியும் அமைதியாக இருப்பவர்கள், தனியே வைத்துப் பார்க்கவேண்டிய மறதிநோயாளர்கள். இந்தப் பகுப்புதான் பெரிய திருப்பம். அதுவரை 'தீராத நோயாளிகள்' என்று ஒரே கூட்டமாகத் தள்ளிவைக்கப்பட்டவர்களில் யாரை எழுப்பி நடக்கவைக்கலாம் என்பது அதன் பிறகே தெரிந்தது. பலர் வீடு திரும்பினர். 1947இல் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுத்தே கிடப்பதன் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி எழுதினார்.

அந்தக் கேட்டின் அளவு பிறகு துல்லியமாகத் தெரியவந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததில் கால்களின் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது.

இழந்த தசையைத் தொண்ணூறு வயதிலும் மீட்கலாம் என்று காட்டியது பாஸ்டன் நகரின் முதியோர் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வு. மரியா ஃபியாடரோனும் குழுவினரும் 1990இல் வெளியிட்ட அதில், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர் எட்டு வாரம் கனமான எடையைக் காலால் தூக்கிப் பழகினர். முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியை விட்டனர். 1994இல் நூறு பேரிடம் செய்த ஆய்விலும் வலு இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. பயிற்சியில்லாமல் சத்துணவு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே உட்கார்ந்தபடி கையை வீசும் மென்பயிற்சி போதாது, வலுப்பயிற்சியே அடிப்படை.

முதலில் பழகவேண்டியது நாற்காலியிலிருந்து எழுவது. இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்குனிந்து எழவேண்டும். கைப்பிடியை ஊன்றாமல் ஐந்து முறை எழ முடிந்தால் கழிவறைக்குத் துணை தேடவேண்டிய நிலை பெரும்பாலும் மாறிவிடும். சமநிலைப் பயிற்சியும் நடையும் இதன்மேல் சேர்கின்றன. எழும்போது தலைசுற்றினால் நிறுத்தி இரத்த அழுத்தம் பார்ப்பது கட்டாயம்.

பெற்ற வலு தங்காது. பாஸ்டனில் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் 32 விழுக்காடு வலு குறைந்தது. வீடு திரும்பியவர்களும் தொடர்ந்து செய்யவேண்டும். 65 வயதைக் கடந்தோர் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.