இலக்கிய நடை

இலக்கிய நடை என்பது ஓர் எழுத்தாளர் தாம் சொல்ல வந்ததைச் சொல்லும் முறை ஆகும். என்ன சொல்லப்படுகின்றது என்பது பொருள். எப்படிச் சொல்லப்படுகின்றது என்பது நடை. சொல், வாக்கியம், ஓசை, உவமை, கதை கூறுபவரின் நிலை ஆகியவற்றில் ஓர் எழுத்தாளர் மீண்டும் மீண்டும் செய்யும் தெரிவுகளே அவரது நடையாக அமைகின்றன. மொழியியல் நோக்கில் நடையை ஆராயும் துறை நடையியல் எனப்படுகின்றது.

தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபட்டவை. பேச்சு வழக்கும் வட்டாரம், சமூகம் ஆகியவற்றுக்கு ஏற்ப மாறுபடுகின்றது. ஆகவே யாருடைய தமிழில் எழுதுவது என்பது தமிழ் எழுத்தாளரின் நடையைத் தீர்மானிக்கும் முதன்மையான தெரிவாக உள்ளது.

நடையின் கூறுகள்

ஒரே செய்தியைப் பல முறைகளில் கூறலாம். எடுத்துக்காட்டாக:

1. மழை பெய்ததால் அவன் வரவில்லை.
2. மழை பெய்தது. அவன் வரவில்லை.
3. மழ பேஞ்சுது, அவன் வரலீங்க.

முதல் வாக்கியம் காரணத்தை வெளிப்படையாகக் கூறுகின்றது. இரண்டாவதில் காரணம் கூறப்படவில்லை. இரு நிகழ்வுகளையும் தொடர்புபடுத்தும் வேலை வாசகரிடம் விடப்படுகின்றது. மூன்றாவதில் பேசுபவரின் வட்டாரமும், கேட்பவருக்கு அவர் தரும் மரியாதையும் சேர்ந்து புலப்படுகின்றன. செய்தி ஒன்றே ஆயினும் வாசகர் பெறும் அனுபவம் வேறாகின்றது.

நடையை உருவாக்கும் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

சொல் தேர்வு: ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களில் எதை எடுப்பது என்பது. மாலை நேரத்தை "பொழுதோட" என்றும் விருந்தினரை "ஒறம்பரை" என்றும் எழுதினால் கதை கொங்கு நாட்டில் நிகழ்வதைத் தனியே கூற வேண்டியதில்லை.

வாக்கிய அமைப்பு: வினையெச்சங்களை அடுக்கி நீண்ட வாக்கியம் அமைக்கத் தமிழ் இடம் தருகின்றது. அவ்வாறு நீட்டுவதும், சிறு வாக்கியங்களாக முறிப்பதும் கதையின் வேகத்தை மாற்றுகின்றன.

கூறுபவரின் நிலை: கதை மாந்தரே கூறுவதும், வெளியே நிற்கும் ஒருவர் கூறுவதும் வெவ்வேறு நடைகளைக் கோருகின்றன.

ஓசையும் உவமையும்: எதுகை, மோனை ஆகியவை செய்யுளுக்கு மட்டும் உரியவை அல்ல, உரைநடையிலும் பயன்படுகின்றன. உவமைகள் எந்த வாழ்க்கையில் இருந்து எடுக்கப்படுகின்றன என்பதும் நடையைக் காட்டும்.

பழைய இலக்கண நூல்களில்

தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரிக்கின்றது. வட்டாரச் சொற்களுக்கும் செய்யுளில் இடமுண்டு என்பதை இப்பகுப்பு காட்டுகின்றது. அந்நூலின் செய்யுளியல் அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என எட்டு வனப்புகளைக் கூறுகின்றது. இவற்றுள் புலன் என்பது, சேரி மொழி என அந்நூல் குறிக்கும் மக்கள் வழக்கில், ஆராய்ச்சி தேவைப்படாமல் பொருள் விளங்குமாறு அமைவது ஆகும்.

வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவிய தண்டியலங்காரம் வைதருப்பம், கௌடம் என்னும் இரு நெறிகளையும் செறிவு, தெளிவு முதலான பத்துக் குணங்களையும் விளக்குகின்றது.

தற்கால எழுத்தில்

பாரதியார் 1912 இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய சொற்களும் எளிய நடையும் கொண்ட காவியத்தின் தேவையை வலியுறுத்தினார். மறைமலையடிகள் 1916 இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடசொற்களை விலக்கிய நடை ஒன்றை வளர்த்தது.

புனைகதையில் எழுத்தாளர்கள் பலர் தமக்கெனத் தனி நடையைக் கொண்டிருந்தனர். புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சையும் கேலியையும் கலந்து எழுதினார். லா. ச. ராமாமிர்தம் சொற்களின் ஓசைக்கு முதன்மை தந்தார். அசோகமித்திரன் உணர்ச்சியை வெளிக்காட்டாத, அலங்காரம் குறைந்த வாக்கியங்களைக் கையாண்டார்.

வட்டார வழக்கு

ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் (1942) தமிழின் தொடக்ககால வட்டார நாவல்களுள் முக்கியமானது. கணவனை இழந்த பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்பதைக் கூறும் இந்நாவலில் மாந்தர்கள் கொங்கு வழக்கில் உரையாடுகின்றனர்.

உரையாடலில் மட்டும் பேச்சு வழக்கைப் பயன்படுத்துவதற்கும், கதை கூறும் பகுதியிலும் அதைப் பயன்படுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. முதல் முறையில் மாந்தர்கள் ஊர்த் தமிழில் பேச, ஆசிரியர் பொதுத் தமிழில் விலகி நிற்கின்றார். இரண்டாம் முறையில் அந்த விலகல் இல்லை. கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் வாய்மொழிக் கதை மரபைத் தம் கூறுமுறையாகவே ஆக்கிக்கொண்டார். பாமாவின் கருக்கு (1992) தலித் மக்களின் பேச்சு மொழியிலேயே தன்வரலாற்றைக் கூறுகின்றது.

இவ்வகை நடை அகராதிப் பணிக்கும் வழிவகுத்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும் (1982), பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் (2000) சொல்லகராதிகளைத் தொகுத்தனர். பொது அகராதிகளில் இடம்பெறாத பல உழவு, வீட்டுச் சொற்கள் இவற்றில் பதிவாகின.

மரபுப் போராட்டம்

இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் நடை குறித்து எழுந்த விவாதம் மரபுப் போராட்டம் என அறியப்படுகின்றது. முற்போக்கு எழுத்தாளர்கள் சிறுகதைகளிலும் நாவல்களிலும் உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கைப் பயன்படுத்தினர். மரபு வழிப்பட்ட பண்டிதர்கள் அதனை இழிசனர் வழக்கு எனக் கூறி எதிர்த்தனர். பேச்சு வழக்கை ஏற்றால் மொழியின் கட்டுக்கோப்புக் குலையும் என்பது எதிர்த்தோர் வாதம். அம்மக்களின் வாழ்வை அவர்களது மொழியைத் தவிர்த்து எழுத முடியாது என்பது ஆதரித்தோர் வாதம். நடை என்பது அழகு பற்றிய சிக்கல் மட்டுமன்று, யாருடைய பேச்சு எழுத்தாகும் தகுதி உடையது என்னும் சமூகச் சிக்கலும் ஆகும் என்பதை இவ்விவாதம் வெளிப்படுத்தியது. பின்னர் கே. டானியல் முதலானோரின் நாவல்களில் இவ்வழக்கு நிலைபெற்றது.

இவற்றையும் பார்க்கவும்

இரட்டை வழக்கு
தண்டியலங்காரம்
தனித்தமிழ் இயக்கம்
கொங்குத் தமிழ்
கரிசல் இலக்கியம்