மழைக்கு ஒரு மாதம் முன்பு

ஆனி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கூடலூருக்கு அப்பால், மலை முகட்டின் மேல், மேகம் கருங்கம்பளியை விரித்துப் போட்டதுபோலக் கிடக்கும். அதற்கு அந்தப் பக்கம் குமுளியில் அடைமழை; நாள் கணக்கில் சூரியனைக் காண முடியாது. இந்தப் பக்கம் அடிவாரத்தில் நமக்கு வாய்ப்பதெல்லாம் வாழையிலையைக் கிழிக்கிற காற்றும், சட்டையைக்கூட நனைக்காத சாரலுந்தான். நடுவே இருப்பது ஒரு மலைச்சாலை. கம்பத்துச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரி, சில வளைவுகளைக் கடந்ததும் வேறொரு பருவத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

1961-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அந்த மேகத்துக்கு அடியில், குமுளிக்குப் பக்கத்திலுள்ள அமராவதி என்ற இடத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஓலைக் கொட்டகைகளில் கிடந்தன. புராணத்தில் அமராவதி இந்திரனுடைய பட்டணம். மழைக்கு அதிபதியும் அவனே. ஊருக்குப் பெயர் வைத்த புண்ணியவான் இப்படி ஒரு பொருத்தம் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

யார் இந்த ஜனங்கள்? அகதி என்றால் யுத்தத்துக்கோ கலகத்துக்கோ பயந்து எல்லை தாண்டி ஓடி வந்தவர் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். இவர்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. சொந்த ராஜ்யத்தில், சொந்த சர்க்காரின் போலீஸால், பெரியாற்றங்கரையில் அய்யப்பன்கோவில் என்னும் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு வரப்பட்டவர்கள். இடுக்கியில் அணை கட்டப் போகிறோம், உங்கள் பூமி தண்ணீருக்குள் போகப் போகிறது என்று சொல்லி, அந்த வருஷம் மே மாதம் அவர்களுடைய வீடுகளைப் பிரித்தெறிந்தார்கள். மரவள்ளியும் மிளகும் வைத்திருந்த மண்ணை விட்டு அமராவதியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அவர்கள் காட்டை அழித்துக் குடியேறியவர்கள் என்று சர்க்கார் சொன்னது. அது மெய்தான். ஆனால் அந்தக் காட்டுக்கு அவர்கள் ஏறிய கதையையும் கேட்க வேண்டும் அல்லவா? அது பர்மாவில் ஆரம்பிக்கிறது.

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்துக்கொண்ட நாடு அல்ல. தென்னையும் ரப்பரும் தேயிலையும் விற்றுக் காசாக்கி, அந்தக் காசில் பர்மா அரிசி வாங்கிச் சாப்பிட்ட நாடு. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. கப்பல் நின்றது, அரிசி நின்றது. சமஸ்தானத்தார் அவசரம் அவசரமாகக் காட்டு நிலங்களைக் குத்தகைக்குத் திறந்துவிட்டு, போய் உணவுப் பயிர் வையுங்கள் என்றார்கள். கீழ்நாட்டு ஏழைக் குடியானவர்கள் கைக்குழந்தையும் அரிவாளுமாக மலை ஏறினார்கள். அவர்களில் பலர் சிரியன் கிறிஸ்தவர்கள். மலேரியாவிலும் யானையிலும் தப்பியவர்கள் நிலைத்தார்கள். பின்னால் சுதந்திரம் வந்து, 'அதிக உணவு பயிர் செய்வோம்' என்று சர்க்கார் கோஷம் போட்டபோது இன்னும் பலர் ஏறினார்கள். பசித்த காலத்தில் அழைக்கப்பட்டவர், பசி தணிந்த காலத்தில் ஆக்கிரமிப்பாளர் ஆனார்.

அதே 1942-ல் நம்முடைய ஜனங்களும் நடந்துகொண்டிருந்தார்கள் என்பது தமிழ் வீடுகளில் இன்னும் மறக்காத விஷயம். பர்மாவிலிருந்து கால்நடையாக இந்தியாவுக்கு வந்தவர்கள் நாலு லட்சத்துக்குக் குறையாது. மே மாத நடுவுக்கு முன்னால் மலையைக் கடந்தவர்கள் பிழைத்தார்கள். அதற்குப் பின்னால் புறப்பட்டவர்களை மழை பிடித்துக்கொண்டது. ஹூகாங் பள்ளத்தாக்கின் சேற்றில் முழங்கால் புதைய நடந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அப்போது அஸ்ஸாம் பக்கத்திலிருந்து உதவிக்கு வந்தவர்கள் தேயிலைத் தோட்டக்காரர்களுடைய சங்கத்தார். அவர்கள் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. தோட்டக் கூலிகளை அழைத்து வந்து வழுக்கும் சரிவுகளில் படி வெட்டினார்கள். ஒரு நாள் நடைக்கு ஒரு கொட்டகை என்று போட்டார்கள். வருகிறவனுக்கு முதலில் கொடுத்தது சர்க்கரை போட்ட சூடான தேநீர். அதற்குப் பிறகுதான் சோறு.

தேநீர் என்றால் காய்ச்சிய தண்ணீர். மழைக்கால முகாமின் ரகசியம் முழுக்க அதிலேதான் இருக்கிறது. நிவாரணம் என்றதும் நம்முடைய மனசு அரிசி மூட்டைக்குத்தான் போகிறது. அரிசி கொடுப்பது புண்ணியம். புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் ஆனி மாதத்துக் குமுளியில் ஒரு படி அரிசியை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? விறகு நனைந்திருக்கிறது. அடுப்புக்கல் தண்ணீரில் நிற்கிறது. ஊதி ஊதிக் கண் சிவப்பதே ஒழியத் தீ பற்றாது. பாதி வெந்த சோற்றைக் குழந்தைக்குப் போடுவாள். சரிவிலே வழிந்து வரும் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பாள். அந்தச் சரிவின் மேல்பக்கத்தில் ஆயிரம் பேர் காலைக்கடன் கழித்திருப்பார்கள். மூன்றாம் நாள் வயிற்றுக்கடுப்பு. அதற்கு மருந்து வாங்கக் குமுளிக்கு ஓடுகிறவன் காலில் அட்டை.

மழைக்கு முன் வேய்ந்து, இரண்டு வெயில் பட்டு இறுகிய கூரைதான் ஒழுகாது. கொட்டகையைச் சுற்றி வாய்க்கால் வெட்டினால்தான் தரை தரையாக இருக்கும். தட்டி கட்டித் தரைக்கு ஒரு முழம் மேலே படுக்கை போட்டால்தான் கிழவர்களும் பச்சைப் பிள்ளைகளும் குளிர் ஜன்னிக்குத் தப்புவார்கள். இதெல்லாம் மலையில் இருக்கும் எந்தக் குடியானவனுக்கும் தெரியும். அய்யப்பன்கோவிலில் தங்கள் வீட்டை அவர்கள் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். இதையெல்லாம் செய்து முடிக்க, மழைக்கு முன்னால் நாலைந்து மாதம் வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மாதம்.

அந்த வருஷத்து மழையும் சாதாரண மழையல்ல. மலையாள தேசத்தில் 1924-ஆம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு அடுத்த பெரிய வெள்ளம் என்று கணக்கில் ஏறியிருப்பது 1961-ஆம் வருஷத்து வெள்ளம்.

ஜூன் 6-ஆம் தேதி ஏ. கே. கோபாலன் அமராவதியில், அந்தக் கொட்டகைகளின் நடுவே, உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஏ.கே.ஜி. நமக்குப் புதியவர் அல்ல. 1936-ல் வேலையில்லாதவர்களைத் திரட்டிக்கொண்டு கண்ணனூரிலிருந்து சென்னைப்பட்டணம் வரைக்கும் பட்டினி யாத்திரை நடத்திக் கொண்டுவந்தவர். அமராவதிக்கு வந்தபோது வயது ஐம்பத்தாறு. பார்லிமெண்டில் கம்யூனிஸ்டுகளின் தலைவர். பட்டினி கிடப்பவர்களின் நடுவே போய்ப் பட்டினி கிடப்பதில் என்ன லாபம் என்று கேட்டவர்களும் உண்டு. லாபம் இதுதான்: அதுவரை குமுளிக் காட்டில் பெய்த மழை யாருக்கும் செய்தியாக இல்லை. ஒரு பிரசித்தமான மனிதர் அதில் நனைந்ததும் திருவனந்தபுரத்துக்கும் டில்லிக்கும் கேட்டது. போலீஸார் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டயம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயும் அவர் சாப்பிடவில்லை. இரண்டு வாரம் ஆகுமுன் சர்க்கார் இறங்கி வந்தது.

இன்னொரு ஆச்சரியமும் நடந்தது. 1959-ல் கம்யூனிஸ்டு மந்திரிசபையைக் கவிழ்த்த கிளர்ச்சியில் முன்னணியில் நின்றவர் பாதிரியார் வடக்கன். அந்த வடக்கனே ஏ.கே.ஜி.யின் பக்கம் வந்து நின்றார். கொள்கையால் சேர முடியாத இரண்டு பேரை ஒழுகுகிற கூரை ஒன்று சேர்த்து வைத்தது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சங்கடம் வருவது இயற்கை. அன்றைக்குக் கேரள முதல் மந்திரியாக இருந்தவர் பட்டம் தாணுபிள்ளை. 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சி மந்திரிசபைக்கு அவர் தலைவராக இருந்தபோதுதான் தென் திருவிதாங்கூரில் தமிழர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர் தொகையைக் குறைத்துக் காட்ட மலையாளிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றுகிறார் என்று நம்மவர் குற்றம் சாட்டியதும் அப்போதுதான். கல்லாறு பக்கத்தில் 'பட்டம் காலனி' என்று அவர் பெயரிலேயே ஒரு குடியேற்றம் இருக்கிறது. ஒரு கையால் மலை மேல் குடியேற்றியவர், ஆறேழு வருஷம் கழித்து மறு கையால் இறக்கினார்.

அப்படிப்பட்ட குடியேற்றக்காரர்களுக்காக நாம் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று கேட்கலாம். கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஆற்றின் போக்கைக் கொஞ்சம் பாருங்கள். முல்லைப் பெரியாற்றில் பென்னிகுயிக் கட்டி 1895-ல் திறந்த அணை, அந்த நதியைக் குறுக்கே மறித்து, குகை வழியாகக் கிழக்கே திருப்பி நமக்குத் தருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு, வழக்கப்படி ஜூன் முதல் தேதி மடை திறக்கிற தண்ணீர் அதுதான். அணைக்குக் கீழே மிஞ்சி ஓடுகிற அதே பெரியாற்றின் கரையில்தான் அய்யப்பன்கோவில். மலை மேல் மழை பெய்ய வேண்டும் என்று உத்தமபாளையத்துக்காரர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு சாமி கும்பிடுகிற அதே வாரத்தில், அந்த மழை நிற்க வேண்டும் என்று அமராவதியில் ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிற்காலத்தில் அந்த மலைச்சரிவு எதிர்ப்பக்கத்து ஓட்டத்தையும் பார்த்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, ஏலத்தோட்டத்துத் தமிழ்க் கூலி ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு காட்டுப் பாதையில் தேவாரம், போடிப் பக்கம் இறங்கினார்கள். அவர்களுக்கு நம்மூரில் இடமும் சோறும் கிடைத்தன. கடலுக்கு அப்பால், 2009-ல், வவுனியாவை அடுத்த மெனிக் பார்ம் முகாம்களில் இரண்டரை லட்சம் தமிழர்களுக்கு மேல் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். ஆகஸ்டில் பருவம் தப்பிப் பெய்த ஒரு மழையிலேயே கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கழிப்பிடக் குழிகள் நிரம்பி வழிந்தன. வடகிழக்குப் பருவம் வருமுன் இவர்களை ஊருக்கு அனுப்புங்கள் என்று உதவிக்கு வந்தவர்கள் மன்றாடியதற்குக் காரணம் அதுதான்.

அமராவதிக்காரர்கள் விஷயத்தில் சர்க்கார் சொன்ன காரணம் அணை. தேசத்துக்கு மின்சாரம் வேண்டாமா என்றால் வேண்டியதுதான். நாமும் விளக்கின் கீழே உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறோம். ஆனால் அணையின் சரித்திரத்தைப் புரட்டினால் தேதிகள் வேறு கதை சொல்லுகின்றன. ஜனங்களை எழுப்பியது 1961 மே மாதம். இடுக்கித் திட்டத்துக்குத் திட்டக் கமிஷனின் சம்மதம் கிடைத்தது 1963-ல். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே வளைவணையைக் கட்டத் தொடங்கியது 1969 ஏப்ரலில். தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தது 1973 பிப்ரவரியில்.

மே மாதத்துக்கும் அந்தப் பிப்ரவரிக்கும் நடுவே பன்னிரண்டு மழைக்காலங்கள். இப்போது தேக்கம் நிரம்புகிற வருஷங்களில் அய்யப்பன்கோவிலின் பழைய கோயிலைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. சாமி கும்பிடுகிறவர்கள் படகில் போகிறார்கள்.